புகைக்கூண்டு பங்களாவுக்கு நீங்கள் எழுதிய வரலாறு

கஸ்தூரி மதினி,

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. ஆனாலும் உங்களை மதினி என்று கூப்பிட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. அந்தச் சொல்லை எழுதிப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது. மதினி, நான் சரசு.

இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்றும் இதில் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்களை அந்தப் பங்களாவில் கொண்டுபோய் விட்டோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் பாதி தூரம் போய், மேற்கே மலையைப் பார்த்துப் பிரிகிற வண்டிப்பாதையில் இரண்டு மைல். உங்கள் வீட்டுக்காரர், என் சின்னண்ணன், லாரியில் அடிபட்டுப் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. உங்களுக்கு இருபத்திநாலு வயது, குழந்தை இல்லை. துணைக்கு என்று என்னை அனுப்பினார்கள். எனக்குப் பத்தொன்பது.

அப்பா கண்ணை மூடி வருஷம் திரும்புவதற்குள் பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார்கள். பங்களாவில் தங்களுக்கும் பாதி உண்டு என்றார்கள். பத்திரம் எங்கள் அப்பா பேரில் மட்டும் இருந்தது. வக்கீல் பெரியண்ணனிடம் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பத்திரம் மட்டும் பத்தாது. அனுபவத்துல யாரு இருக்கான்னு கேப்பாங்க. வீட்டைப் பூட்டிப் போட்டா அவிய பூட்டை ஒடச்சிட்டு உள்ள உக்காந்துருவாங்க. குடும்பத்துல ஒரு ஆளு அங்கனயே குடியிருக்கணும். ஒரு நாள்கூட வெளிய தங்கக்கூடாது."

பெரியண்ணனுக்குப் பஞ்சுக் கடை, ஜின்னிங் பேக்டரி, பெண்டாட்டி பிள்ளைகள். அவர் கண்ணை ஓட்டிப் பார்த்தார். வேறு வேலை இல்லாத ஆள் வீட்டில் நீங்கள் ஒருத்திதான் இருந்தீர்கள்.

"தாயி, ஆறு மாசம்தான். கேஸு முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிடுதேன்" என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அந்த ஆறு மாதம் ஒன்பது வருஷம் ஆயிற்று.

அது என்ன மாதிரி வீடு என்று பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். சுற்றி மாந்தோப்பு, நடுவில் வேறு தேசத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி ஒரு மாடி வீடு. கூரையில் மூன்று புகைக்கூண்டுகள். முகப்பு மேற்கே பார்த்தது. இரண்டு மணிக்குமேல் வெயில் நேராகக் கூடத்துக்குள் வந்து உட்காரும். ஆள் உயரத்துக்குக் கண்ணாடி சன்னல்கள், அதில் பாதி திறக்கவே திறக்காது. சமையல்கட்டு தனியாக நாற்பது தப்படி தள்ளி. நம் ஊர் வெயிலுக்கு அது வீடு இல்லை, அடுப்பு.

போன புதிதில் நாம் இரண்டு பேரும் ஒவ்வொரு அறையாகத் தலையணையைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, எங்கே காற்று வருகிறது என்று. கடைசியில் மாடிப்படியின் ஐந்தாவது படியில்தான் கொஞ்சம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், தலை வாரினோம், ரேடியோ கேட்டோம்.

நீங்கள் அங்கே குடியிருப்பதற்குச் சாட்சி வேண்டும் என்று ரேஷன் கார்டை அந்த விலாசத்துக்கு மாற்றினார்கள். கரண்ட் மீட்டரை உங்கள் பேருக்கு எழுதினார்கள். தபாலும் வரவேண்டும் என்றார் வக்கீல். உடனே பெரியண்ணன் கடைக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வாரம் ஒரு கவர் உங்கள் பேருக்குப் போட வைத்தார். உள்ளே ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாள். முதல் கவர் வந்த அன்று நீங்கள் ஓடிவந்து பிரித்தீர்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி சரசு, எழுத மறந்துட்டாங்களா?"

எனக்கு விஷயம் தெரியும். சொல்ல நாக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு கவரையும் நீங்கள் பிரிக்காமல் விட்டதில்லை.

அந்தத் தாள்களில்தான் நீங்கள் வீட்டின் வரலாற்றை எழுத ஆரம்பித்தீர்கள். முதலில் அது வக்கீல் கேட்டது. யார் கட்டினது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, வரிசையாக ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா என்றார். அவருக்கு ஒரு பக்கம் கொடுத்தீர்கள். உங்களுக்கு நிற்கவில்லை. மாடியில் சாமான் அறையில் இருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கி, பழைய இங்கிலீஷ் காகிதங்களை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். காகிதத்தில் இல்லாததை ஞானம்மாளிடம் கேட்டீர்கள். தோப்புக் குடிசையில் இருந்த அந்த அம்மாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். அவருடைய தாயார் அந்த வீட்டு ஆயாவாக இருந்தவர்.

கட்டினவர் பஞ்சு வாங்க வந்த வெள்ளைக்காரர். ஊரில் பஞ்சுத்தொரை என்றுதான் பேர். தன் தேசத்தில் தாத்தா வீடு ஒன்று இருந்ததாம், அதை ஞாபகத்திலிருந்து வரைந்து கொத்தனாரிடம் கொடுத்தாராம். கண்ணாடி கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் வந்ததாம். கூடத்துச் சுவரில் கணப்பு எதற்கு என்று கொத்தனார் கேட்க, தொரை ஒரு மார்கழி மாதம் அதில் விறகு போட்டுக் கொளுத்திக் காட்டினார். உள்ளே இருந்த அத்தனை பேரும் வேர்த்து வடிந்து தோப்புக்கு ஓடினார்கள். இதை ஞானம்மாள் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு! அந்த வீட்டில் அப்படி நாம் சிரித்தது ரொம்பக் கொஞ்சம்.

கட்டி முடித்த பிறகு தொரைசானி வந்தார். தொரை மாசத்தில் இருபது நாள் கரிசல்காட்டு ஊர்களில் பஞ்சு பார்க்கப் போய்விடுவார். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆயாவுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். ஒரு நாள் காலையில் தொரைசானி தொப்பியைப் போட்டுக்கொண்டு தன்னந்தனியாக ரோட்டுக்கு நடந்துபோனார். தொரை வண்டி அனுப்பித் திருப்பிக் கூட்டிவந்தார். இப்படி மூன்று தடவை. "நாலாவது தடவை அவர் தடுக்கவில்லை. தானே தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய்க் கப்பல் ஏற்றினார்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே அரைப் பக்கம் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

சுதந்திரம் வந்து தொரை ஊருக்குப் போகும்போது, தனக்குப் பஞ்சுத் தரகு பார்த்த அண்ணன் தம்பி கையில் வீட்டை விட்டுப்போனார். அண்ணன் எங்கள் பெரியப்பா. தம்பி எங்கள் அப்பா. பிறகு பெரியப்பா குடும்பத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. அப்பா கூடத்தில் பஞ்சுப் பொதி அடுக்கினார். அந்தப் பொதிகளை எடுத்துவிட்டு உங்களை வைத்தோம்.

தேவதானத்தில் உங்கள் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று ஆள் வந்த நாளை நான் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். நீங்கள் பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். பெரியண்ணன் வந்தார்.

"அவனுக ரெண்டு பேரும் ரோட்டு டீக்கடையிலயே உக்காந்துருக்கானுக தாயி. நீ வெளிய காலு வச்சா உள்ள வந்துருவானுக. செத்தப் பொறு, நாளைக்கு ஏற்பாடு பண்ணுதேன்."

"சரசு இருக்காள்லா அண்ணே? அவ இருக்கட்டும்."

"அவ கட்டிக்குடுத்துப் போற பிள்ளை. கோர்ட்டுலருந்து கமிஷனர் வந்து கேட்டா உம்பேருதானே சொல்லியிருக்கு?"

நாளைக்கு என்றது மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் கார் வந்தபோது அம்மா போய்விட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள் உங்களுக்கு. டிரைவர் காரை அணைக்காமல் தெருவில் நின்றான். திரும்பி வந்து நீங்கள் படியில் உட்கார்ந்தீர்கள். அழவில்லை. "வாசல்ல நின்னுட்டு வந்த மாதிரிதான் இருக்கு சரசு" என்றீர்கள்.

இப்போது நான் சொல்லவேண்டியது.

உங்களுக்கு முன்னாலேயே அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தவள் நான். நாம் போன முதல் மாதம், பழைய துணி ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அடியில் தொரை எழுதின கடிதம் ஒன்று இருந்தது. அது எனக்குப் புரியவில்லை. ஆனால் அதன் கீழே தமிழில் நாலு வரி. அப்பாவின் எழுத்து. "இந்தப் பங்களா எனக்கும் என் அண்ணனுக்கும் சரிபாதி. பத்திரம் என் பேரில் இருப்பது வசதிக்காக மட்டுமே." கீழே அப்பா கையெழுத்து, பெரியப்பா கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருந்தால் கேஸ் அன்றைக்கே முடிந்திருக்கும். நீங்கள் ஆறு மாதத்தில் வெளியே வந்திருப்பீர்கள். உங்கள் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். நான் என்ன செய்தேன்? என் கிழிந்த தாவணித் துண்டில் சுற்றிப் பெட்டியின் அடித்தகரத்துக்குக் கீழே செருகிவிட்டேன். எனக்கு அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணனுக்குக் கோபம் வந்தால் அது நின்றுபோகும். என் கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாம் வருஷம் கல்யாணம் முடிந்தது. நான் அந்த வீட்டை விட்டுப் போனேன். கார் கிளம்பும்போது நீங்கள் கேட்டுக்கு உள்ளேயே நின்று கையை ஆட்டினீர்கள். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நீங்கள் தனியாக இருந்தீர்கள். ஞானம்மாளும் நடுவில் இறந்துபோனார். அந்த வருஷங்களைப் பற்றி உங்கள் வரலாற்றில் மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. ஏன் மதினி? எழுத ஒன்றும் இல்லையா, எழுத முடியவில்லையா?

தொண்ணூறு பிறந்த பிறகு சாட்சி விசாரணைக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். நானும் கோர்ட்டுக்கு வந்திருந்தேன்; பிள்ளையைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்ததாக உங்களிடம் சொன்னேன். காலை பதினோரு மணி, கூட்டம் அதிகம் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நம் வக்கீல் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பழைய காகிதம் ஏதாவது பாத்தீங்களான்னு கேப்பாங்கம்மா. இல்லைன்னு ஒரே வார்த்தை. மேக்கொண்டு பேசாதீங்க." நீங்கள் கைப்பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தீர்கள்.

கூண்டில் ஏறினீர்கள். பெரியப்பா மகன்களின் வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். நீங்கள் கைப்பையைத் திறந்தீர்கள். பிறகு, கிளாசில் எழுந்து நின்று பதில் சொல்கிற பிள்ளை மாதிரி, தெளிவாகச் சொன்னீர்கள்.

"பாத்தேன். எங்க மாமா கைப்பட எழுதுனது. கொண்டாந்திருக்கேன்."

பெரியண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். நம் வக்கீல் அவசரமாக எழுந்து, இந்தக் காகிதம் இருப்பது வேறு யாருக்குத் தெரியும் என்று உங்களிடம் கேட்டார். உங்களைப் பொய்யாக்கத்தான் கேட்டார். நீங்கள் ஜட்ஜைப் பார்த்தே சொன்னீர்கள்.

"எனக்கு மட்டுந்தான் தெரியும்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, நான் ஒளித்துவைத்தது மதினிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

கோர்ட்டிலிருந்து நீங்கள் பங்களாவுக்குத் திரும்பிப் போகவில்லை. போக உங்களுக்கு என்ன இருக்கிறது? நேராகத் தேரடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் ஆட்டோவில் முந்தி வந்துவிட்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவிய, என் வீட்டுக்காரர், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியண்ணனோடு பஞ்சு வியாபாரத்தில் கூட்டு.

"உள்ள விட்டேன்னா நாளைக்கு உங்க அண்ணன் மொகத்துல முழிக்க முடியுமா?" என்றார்கள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். வாசற்படிக்கு உள்ளே நின்றே கொடுத்தேன். நீங்கள் வெளியே நின்றே குடித்தீர்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்ன கேட்டீர்கள் தெரியுமா?

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

விட்டுவிட்டது என்றேன். சரி வாரேன் என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். உள்ளே வாங்க மதினி என்று மூன்று வார்த்தை. அது எனக்கு வரவில்லை.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பெண் பிள்ளைகள் ஹாஸ்டலில் வார்டனாகச் சேர்ந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஏழு வருஷத்தில் இரண்டே தடவை, அவியளுக்குத் தெரியாமல், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தேன். இரண்டாவது தடவை, அந்த வீட்டை நினைப்பீர்களா என்று கேட்டேன். "நான் இப்ப சன்னல் தெறக்குற வீட்டுல இருக்கேன் சரசு" என்றீர்கள். அறுபது பிள்ளைகளுக்குச் சோறு வைக்கிற நேரம். ஒருத்தி பின்னல் போடச் சொல்லி ரிப்பனோடு நின்றாள். உங்கள் முகம் நன்றாக இருந்தது. இதைக் கலைக்கக்கூடாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, அன்றைக்கும் உண்மையைச் சொல்லாமல் திரும்பினேன்.

போன வருஷக் கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்றது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்றார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்கவில்லை. அவர்களோடு நானும் வந்தேன். காரியம் முடிந்த பிறகு ஹாஸ்டலை நடத்துகிற அம்மா ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். "இதை அவங்க நாத்தனார்ட்ட கொடுக்கச் சொன்னாங்க" என்றார்.

உங்கள் வரலாறு. வெள்ளைத் தாள்கள் அத்தனையும், தேதிவாரியாக அடுக்கி, நூல் போட்டுத் தைத்தது. வீடு கட்டினதிலிருந்து நீங்கள் கோர்ட்டுக்குக் கிளம்பின காலைவரை. கடைசிக்கு முந்தின பக்கத்தில் இது இருக்கிறது:

"பெட்டியின் அடித்தகரம் துருப்பிடித்துப் பெயர்ந்து இப்போதுதான் இது கையில் கிடைத்தது. காகிதம் ஒரு தாவணித் துண்டில் சுற்றி இருந்தது. ஊதாப் பூப் போட்ட துணி. பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளும் இந்த வீட்டில்தானே கிடந்தாள். கேட்கவேண்டாம் என்று முடிவு செய்தேன். கோர்ட்டிலும் சொல்லவேண்டாம்."

அப்படியென்றால் என் வாசலில் நின்று தண்ணீர் குடித்தபோது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டபோதும் தெரியும். ஹாஸ்டலில் நான் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியபோதும் தெரியும். நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தீர்களா மதினி? அல்லது திறக்கமாட்டேன் என்று தெரிந்தேதான் சிரித்துப் பேசினீர்களா?

இப்போதைய சேதியையும் சொல்லவேண்டும். உங்கள் சாட்சியத்தை வைத்துப் பெரியப்பா மகன்களுக்குத் தீர்ப்பானது உங்களுக்குத் தெரியும். பெரியண்ணன் அப்பீல் போனார். அந்தக் கையெழுத்தைப் பற்றி இன்னும் சாட்சி விசாரிக்கவேண்டும் என்று மேல்கோர்ட்டு கேஸை இங்கேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. பங்களா கேட்டில் இரண்டு பூட்டு தொங்குகிறது. போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துபோய்ப் பார்த்தேன். நடுப் புகைக்கூண்டு சரிந்து கூடத்துக்குள் விழுந்துகிடக்கிறது. அதில் இனி யாரும் குடியிருக்க முடியாது. அதற்காகத்தான் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் பெரியண்ணன் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உன்னையும் சாட்சிக்குப் போட்டுருக்கேன். அது அப்பா எழுத்து இல்லைன்னு சொல்லணும். கஸ்தூரி தனியா கெடந்து மனசு கலங்கிப்போயிருந்தா, தனக்குத்தானே பேசிக்கிட்டு இருப்பா, அதையும் சொல்லணும். மூணு வருசம் கூட இருந்தவ நீ, நீ சொன்னா எடுபடும்."

எங்கள் வீட்டில் அவிய ஊஞ்சலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அவ சொல்லுவா மச்சான்" என்றார்கள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் சமையல்கட்டில் வந்து நின்று, மாத்திச் சொன்னால் இந்த வீட்டுப்படி ஏறவேண்டாம் என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னார்கள். பதினைந்து வருஷத்தில் இந்த வீட்டில் நான் எங்கே போகிறேன் என்று நிஜத்தைச் சொல்லாமல் வெளியே போனது, ஹாஸ்டலுக்கு வந்த அந்த இரண்டு தடவையும் பங்களாவைப் பார்க்கப் போன ஒரு தடவையும்தான். அது இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.

பயமாக இருக்கிறது மதினி. கோர்ட்டு முடிந்து எந்தப் பக்கம் நடப்பேன் என்று தெரியவில்லை. மூத்தவளுக்குப் பதினாலு வயது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று என்னிடம், "அத்தைக்கு நெசமாவே கிறுக்கா அம்மா?" என்றாள். இல்லை என்றேன். அந்த வீட்டில் தெளிவாக இருந்தது அத்தை ஒருத்திதான் என்றேன். அதைச் சொன்ன பிறகு இனிப் பின்வாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். வருவேன். அது எங்கள் அப்பா எழுத்துதான் என்று சொல்வேன். கஸ்தூரி மதினிக்கு ஒன்பது வருஷமும் புத்தி தெளிவாகவே இருந்தது என்று சொல்வேன். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று மதினி அன்றைக்குச் சொன்னது எனக்காகச் சொன்னது, முதலில் பார்த்தவள் நான், ஒளித்துவைத்தவளும் நான் என்று சொல்வேன். ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்காக என்று சொல்வேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இறந்துபோன கஸ்தூரிக்கு நீ என்ன உறவு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகப் பதில் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
சரசு